மலையின் இருபுறமும் கிடக்கும் கொடிவழி

போடிநாயக்கனூரில் மூன்று நான்கு தலைமுறையாக வாழும் ஒரு குடும்பத்தின் வரலாறு ஒரே அலுவலகத்தில் இருப்பது அரிது. ஒரே மொழியில் இருப்பது அதனினும் அரிது. வீடு அடிவாரத்தில், ஏலத்தோட்டம் மலைமேல். கீழே மதராஸ் மாகாணமும் மேலே திருவிதாங்கூர் சமஸ்தானமுமாக இருந்த நிலம், 1956 நவம்பர் 1 முதல் இரண்டு மாநிலங்களாக நிலைபெற்றது. அதனால் தாத்தாவின் வீட்டுப் பத்திரம் தமிழில் போடியிலும், அவர் வாங்கிய தோட்டத்தின் காகிதம் மலையாளத்தில் மலைக்கு அப்பாலும் கிடக்கும். அவரிடம் வேலை பார்த்த குடும்பங்களின் பெயர்கள் எஸ்டேட் செக்ரோலில், அதாவது தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேட்டில் மட்டும் இருக்கும், அதுவும் கரையான் விட்டுவைத்திருந்தால்தான். குடும்ப வரலாறு தேடுவோருக்குத் தமிழ்நாட்டில் எங்குமே வழிகாட்டி எளிதில் கிடைப்பதில்லை என்றாலும், ஏலமலைச் சரிவில் இந்தக் குறை இரட்டிப்பாகிறது. இதைத் தீர்க்கக்கூடிய பொது நிறுவனம் ஒன்று ஊரிலேயே இருக்கிறது. அது நூலகம்.

தேடல் வீட்டில் தொடங்க வேண்டும். முதலில் கேட்க வேண்டியது குலதெய்வம் எது, எந்த ஊரில் என்பது. மாசி மகா சிவராத்திரிக்குத் தேனி மாவட்டத்துக் குடும்பங்கள் எந்த ஊருக்குப் பயணப்படுகின்றனவோ, அந்த ஊரே பெரும்பாலும் அவர்களின் பழைய ஊர். சில குடும்பங்கள் பழைய கோவிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து வாழவந்த ஊரில் புதுக்கோவில் கட்டியிருக்கும். அப்போது பிடிமண் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தேடலை ஒரு தலைமுறையோ இரண்டு தலைமுறையோ பின்னே கொண்டுபோகும். கோவில் திருப்பணிக்கும் திருவிழாவுக்கும் தலைக்கட்டு வரி வசூலித்த நோட்டுகள் பெரிய பங்காளியின் வீட்டில் இருக்கும். எந்தெந்த வீடு ஒரே வகையறா, யார் எந்த ஆண்டு பிரிந்து தனித் தலைக்கட்டு ஆனார் என்பது அதில் தெரியும்.

அதைவிட வளமான ஆவணம் மொய் நோட்டு. மதுரை, தேனி வட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ சடங்கோ, பந்தல் வாசலில் மேசை போட்டு மொய் எழுதுவது மரபு. ஊர், பெயர், தொகை என்ற வரிசையில் பக்கம் பக்கமாக நீளும் அந்த நோட்டை வரலாற்று ஆவணமாக இதுவரை யாரும் பெரிதாக மதித்ததில்லை. அது பெரும் இழப்பு. வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்தாக வேண்டும் என்பதால் அதில் பெயரும் ஊரும் பிழையாக எழுதப்படுவதில்லை. ஒரே பெயரில் இருவர் இருந்தால் தகப்பன் பெயரோ, தொழிலோ, பட்டப்பெயரோ சேர்த்து எழுதப்படும். தாய்மாமன் முறை தனியாகக் குறிக்கப்படும். பெண் கொடுத்த வீடும் பெண் எடுத்த வீடும் தொகையிலேயே அடையாளம் தெரியும். ஒரு குடும்பத்தின் 1960களின் நோட்டையும் 1980களின் நோட்டையும் அருகருகே வைத்து, சாந்தன்பாறை, பூப்பாறை, ராஜகுமாரி, உடும்பன்சோலை போன்ற மலையூர்களிலிருந்து எத்தனை பேர் மொய் எழுதினார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அந்தச் சொந்தம் எப்போது மலையேறியது, எப்போது இறங்கியது என்பது துலங்கும். எந்த அரசுப் பதிவேட்டிலும் இது கிடையாது.

வீட்டுப் பெட்டியில் உள்ள பத்திரங்களில் பாகப்பிரிவினைப் பத்திரத்தை முதலில் எடுக்க வேண்டும். அண்ணன் தம்பிகள், அவர்களின் தகப்பனார், சில சமயம் அவருடைய தகப்பனார் வரை பெயர்கள் அதில் வரிசையாக வரும். பெண்களின் பெயர்கள் விடுதலைப் பத்திரங்களில்தான் அதிகம். பிறந்த வீட்டுச் சொத்தில் தமக்குள்ள பாத்தியதையை விட்டுக்கொடுத்துக் கைநாட்டு வைத்த மகள்களின் பெயரும், அவர்கள் வாக்கப்பட்ட ஊரும், கணவர் பெயரும் அங்கே இருக்கும். தந்தைவழியாக மட்டும் வரையப்படும் கொடிவழிப் படங்களில் பாதிக் குடும்பம் காணாமல் போவதைத் தடுக்கும் காகிதம் அது.

பெரியவர்கள் சொல்லும் பெயரிலும் ஆண்டிலும் எச்சரிக்கை தேவை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் ஒரே பெயர் திரும்பி வரும். நான்கு தலைமுறையை இரண்டாகச் சுருக்கிவிடும் பிழை இதனால்தான் அடிக்கடி நேர்கிறது. அறுபது ஆண்டுச் சுழற்சியும் இப்படித்தான். தாது வருஷத்தில் பிறந்தவர் என்றால், பெரும்பஞ்சம் வந்த 1876–77ஆகவும் இருக்கலாம், 1936–37ஆகவும் இருக்கலாம். மலையாளத்துக் காகிதங்களில் கொல்லம் ஆண்டு வரும். அது ஆகஸ்ட் நடுவில், ஆவணி மாதத் தொடக்கத்தில் பிறக்கும். அதோடு 824ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1111 என்பது 1935 ஆகஸ்டு முதல் 1936 ஆகஸ்டு வரை.

அரசு ஆவணங்களுக்கு வரும்போது ஒரு பெரிய இல்லாமையை முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் குடும்ப வரலாறு தேடுபவர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுத் தாள்களையே பார்க்கலாம். நூறாண்டு கழிந்ததும் அவை திறக்கப்படும். 1921ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இல் வெளியாயின. இந்தியாவில் அந்த வழி அடைபட்டது. கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்களை எவருக்கும் காட்டக் கூடாது என்கிறது 1948ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே நிலம், பிறப்பு இறப்பு, பள்ளி, வாக்காளர் பட்டியல் ஆகிய நான்கையும் கொண்டுதான் இங்கே கொடிவழியைப் பின்ன வேண்டியிருக்கிறது.

நிலத்தில், ஊர் ஜமீனுக்குட்பட்டதா ரயத்துவாரியா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஓரடியும் வைக்க முடியாது. போடிநாயக்கனூர் பாளையப்பட்டாக இருந்து ஜமீனாக மாறிய ஊர். ரயத்துவாரிக் கிராமங்களில் குடியானவரின் பெயர் அரசின் செட்டில்மென்ட் பதிவேட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கும். ஜமீன் கிராமத்தில் பட்டா கொடுத்ததும் கணக்கு வைத்ததும் ஜமீன் கச்சேரி. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி இந்த நிலங்கள் அரசின் கைக்கு வந்த பிறகே அரசு அளந்து, பெயர் எழுதி, ரயத்துவாரிப் பட்டா கொடுத்தது. ஆகவே போடி ஜமீனைச் சேர்ந்த குடியானவர் குடும்பத்துக்கு, அரசின் நிலப் பதிவேடு 1950களில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தையது ஜமீன் கணக்கு, நீதிமன்ற வழக்கு, பதிவான பத்திரம் ஆகியவற்றில் இருக்கும். இது தெரியாமல் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் பெயரைத் தேடி ஏமாறுவது வீண் அலைச்சல்.

கிராமக் கணக்குகளின் கதை வேறு. பரம்பரையாக வந்த கர்ணம் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டது. சமூக நீதி நோக்கில் சரியான முடிவு. ஆனால் தலைமுறைகளாகக் கர்ணம் வீட்டுப் பரணில் இருந்த நோட்டுகளில் எவ்வளவு புதிய கிராம நிர்வாக அலுவலரிடம் வந்து சேர்ந்தது, எவ்வளவு பழைய பேப்பர் கடைக்குப் போனது என்பதை அப்போது யாரும் கணக்கெடுக்கவில்லை. தேடுபவர்கள் இன்றும் அந்த வீடுகளில் விசாரித்துப் பார்ப்பது நல்லது.

பிறப்புப் பதிவேட்டைப் பார்ப்பவருக்கு முதலில் ஏமாற்றமே மிஞ்சும். பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு செய்யப்படுவதால் ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயர், தெரு, தேதி மூன்றையும் சேர்த்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். பழைய அரசுப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு இதைவிட நம்பகமானது. பிறந்த தேதி ஆசிரியர் போட்டதாக இருக்கலாம், ஆனால் பெயரும் தகப்பன் பெயரும் தொழிலும் தப்பாது. வாக்காளர் பட்டியலின் அருமையை 2025 நவம்பரில் தமிழ்நாடும் கேரளமும் ஒருசேர உணர்ந்தன. சிறப்புத் தீவிர திருத்தத்துக்காகப் பழைய பட்டியல்களில் தங்கள் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை கோடிக்கணக்கானோருக்கு வந்தது. வீட்டுப் பழைய காகிதத்தைப் பேணுவது பொழுதுபோக்கு மட்டும் அல்ல என்பதை அந்த வாரங்கள் காட்டின.

மலைமேல் நிலை மாறுகிறது. திருவிதாங்கூரில் ஏலம் அரசின் ஏகபோகப் பொருளாக இருந்தது. யார் விளைவித்தாலும் அரசிடமே கொடுக்க வேண்டும். 1896இல் அந்த ஏகபோகம் நீங்கியது. அடுத்த ஆண்டு, 1897 ஆகஸ்டில், ஏலமலைக் காட்டை ஒதுக்குக் காடாக அறிவிக்கும் ஆணை வந்தது. அந்த ஆணையில் குறிக்கப்பட்ட பரப்பு எவ்வளவு என்ற சர்ச்சை நூற்றாண்டு கடந்தும் நீதிமன்றங்களில் நிற்கிறது. நிலத்தைக் குத்தகைக்கும் பதிவுக்கும் கொடுத்த விதிகள் 1935இல் திருத்தி எழுதப்பட்டன. ஏலமலைக்கெனத் தனிச் சூப்பிரண்டும் அலுவலகமும் இருந்ததால், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறித் தோட்டம் போட்டவர்களின் பெயர்கள் திருவிதாங்கூர் அரசின் கோப்புகளில் ஏறின. இன்று அவற்றைத் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். பிற்காலக் கோப்புகள் 1949 முதல் கோட்டயம் மாவட்டப் பெயரிலும், 1972 ஜனவரி 26க்குப் பிறகு இடுக்கி மாவட்டப் பெயரிலும் இருக்கும். அடிவாரத்திலும் இதே குழப்பம் உண்டு: 1906இன் மதுரை கெஜட்டியரில் போடி, மதுரை மாவட்டம் பெரியகுளம் தாலுகாவில் இருக்கிறது, தேனி மாவட்டம் பிறந்தது 1990களில்தான். 1965ஆம் ஆண்டு ஏலச் சட்டம் தோட்ட உரிமையாளர்களைப் பதிவு செய்யச் சொன்னது. அந்தச் சட்டத்தின்படி அமைந்த ஏலக்காய் வாரியம் 1987இல் நறுமணப் பொருள் வாரியத்தில் கலந்தது. பதிவு செய்த தோட்டக்காரர்களின் பட்டியல்களும் குடும்பத் தேடலுக்கு உதவுபவை.

தோட்டம் வைத்திருந்தவருக்குக் காகிதம் உண்டு. தோட்டத்தில் உழைத்தவருக்கு? இந்தக் கேள்விதான் ஏலமலைக் குடும்ப வரலாற்றின் மையம்.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பல் முதல், நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா ஆகியவை கப்பல் பட்டியலில் எழுதப்பட்டன. மொரீஷியஸில் மோக்கா நகரின் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் பதிவேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் புகைப்படங்களும் உண்டு. அதனால் டர்பனில் வாழும் ஒரு தமிழ்ப் பெண் தன் கொள்ளுத்தாத்தா கிளம்பிய கிராமத்தை இன்று கண்டுபிடிக்க முடிகிறது. போடியிலிருந்து முந்தல் வழியே மலைப்பாதையில் நடந்து, ஒரே நாளில் பூப்பாறைப் பக்கம் போய் வேலைக்குச் சேர்ந்தவருக்கு அந்த வசதி இல்லை. கங்காணியிடம் முன்பணம் வாங்கியவரின் பெயர் கங்காணியின் நோட்டிலும் எஸ்டேட்டின் செக்ரோலிலும் மட்டுமே ஏறியது. கடல் தாண்டியவரை அரசு எழுதி வைத்தது. மலை தாண்டியவரை எழுதவில்லை.

மூணாறு இந்த வேறுபாட்டைக் கண்ணெதிரே காட்டும். அங்குள்ள தென்னிந்தியத் திருச்சபை தேவாலயத்தின் பின்சரிவில், 1894இல் காலராவில் இறந்த எலினார் நைட் என்ற இளம் ஆங்கிலேயப் பெண்ணின் கல்லறை இருக்கிறது. தேவாலயம் எழுந்ததே அதற்குப் பின்னர்தான். பெயர், தேதி, கணவர் பெயர் எல்லாம் உண்டு. இந்தியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் சென்னை மாகாணத்துக்கெனத் தனி வரிசையாகவே உள்ளன. அதே காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகளை இறக்கியவர்கள், அங்கிருந்து வண்டி பூட்டிப் போடிக்குக் கொண்டுவந்தவர்கள், 1924 பெருவெள்ளத்தில் அழிந்த குண்டளை ரயில் பாதையில் உழைத்தவர்கள் ஆகியோரின் பெயர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. எஸ்டேட் ஸ்டோர்களிலும் பழைய லயங்களிலும் எஞ்சியிருக்கும் செக்ரோல்களும் கங்காணி நோட்டுகளும்தான் அந்த மக்களுக்கான ஒரே பதிவேடு. தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் ஒவ்வோர் ஆண்டும் அவற்றில் கொஞ்சம் அழிகிறது.

ஏழைகளின் பெயரை அரசு அக்கறையோடு எழுதிய ஒரு சந்தர்ப்பமும் உண்டு. அது அவர்களைக் கண்காணிப்பதற்காக. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டத்தின்கீழ் மதுரை மாவட்டத்தின் பிரமலைக் கள்ளர் குடும்பங்கள் பெயர், தகப்பன் பெயர், கைரேகையுடன் பதிவு செய்யப்பட்டன. ரேகை வைக்க மறுத்து 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூர் மக்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். 1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது. அந்தப் பதிவேடுகளில் தன் முப்பாட்டன் பெயரைக் காணும் ஒருவர், அது எந்த அநீதியின் காகிதம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அக்காலத்தில் தொடங்கி இன்றும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நடக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், அதே குடும்பங்களைப் பற்றிய கண்ணியமான சான்று.

சமயப் பதிவுகள் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பெருந்துணை. பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தை, பெற்றோர், ஞானப் பெற்றோர் பெயர்கள் இருக்கும். பழையவை லத்தீனில் இருக்கலாம். கொடைக்கானல் செண்பகனூரில் சேசு சபையினர் திரட்டிய மதுரை மறைப்பணி ஆவணங்கள் புகழ்பெற்றவை. 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹாட்டன் நூலகத்தில் உள்ளன. ராவுத்தர் குடும்பங்களுக்கு ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடு. மலைவாழ் முதுவர்களும் பளியர்களும் எழுத்தில் தேடக் கூடியவர்கள் அல்லர். மதுரையிலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லும் முதுவர்களின் வாய்மொழியும் கூட்டப் பெயர்களுமே அவர்களின் ஆவணம். அதை அவர்களின் ஒப்புதலோடு, அவர்கள் குரலிலேயே பதிவு செய்வதுதான் முறை.

நூல்களுக்கு வருவோம். ஜே.எச். நெல்சனின் மதுரை நாட்டு மேனுவல் (1868), டபிள்யூ. பிரான்சிஸின் மதுரை கெஜட்டியர் (1906), நாகம் ஐயாவின் திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல் (1906), வேலுப்பிள்ளையின் அதே பெயருடைய நூல் (1940) ஆகியவை ஊரின் பின்னணியைத் தரும். பாளையக்காரர் குடும்பங்களின் வம்சாவளிச் சுவடிகளில் பல காலின் மெக்கன்சி திரட்டியவை. அவற்றைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் காணலாம். ஆனால் அவை நிலத்துக்கும் மரியாதைக்கும் உரிமை கோரி எழுதிக் கொடுக்கப்பட்டவை. அப்படியே நம்பத் தக்கவை அல்ல. இக்காலத்தில் ஒவ்வொரு சாதிக்கும் அரச வம்சம் கற்பித்து அச்சாகும் ‘வரலாறு’ நூல்கள் அவற்றைவிட மோசம். கூலியாக மலையேறிய பாட்டியின் பெயரை ஒரு செக்ரோலில் கண்டெடுப்பதன் மதிப்பு, ஆதாரமில்லாத ஆயிரம் ராஜாக்களுக்கு வராது.

இத்தனை இடங்களில் சிதறிக் கிடப்பதை ஒரு தனி மனிதர் தேடி முடிக்க முடியாது. நூலகம் நுழைய வேண்டிய இடம் இதுதான். 1948இல் பொது நூலகச் சட்டம் இயற்றி இந்தியாவுக்கே முன்னோடியானது சென்னை மாகாணம். எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பில் பிறந்த அந்தச் சட்டத்தின்படி, வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. போடி மக்கள் தலைமுறைகளாக அதைக் கட்டி வருகிறார்கள். அதற்கு ஈடாகக் கிளை நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுக்கென ஒரு அலமாரியும் ஒரு ஸ்கேனரும் கேட்பது பேராசை ஆகாது.

அந்த அலமாரியில் மேலே சொன்ன மேனுவல்களின் படிகள் இருக்க வேண்டும். பலவும் பதிப்புரிமைக் காலம் கடந்து இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை. அச்சிட்டுக் கட்டினால் போதும். எந்த ஆவணம் எந்த அலுவலகத்தில், எந்த ஆண்டு முதல், எப்படி மனுச் செய்தால் கிடைக்கும் என்று மலையின் இருபுறத்துக்குமாகத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஒரு கையேடு வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு முறை போய்வரும் செலவைவிட அதைத் தயாரிக்கும் செலவு பெரிதாக இருக்காது. முக்கியமாக, மக்கள் கொண்டுவரும் மொய் நோட்டு, பத்திரம், செக்ரோல், பழைய பத்திரிகை ஆகியவற்றைப் படியெடுத்துக்கொண்டு மூலத்தை அவர்களிடமே திருப்பித் தரும் ஏற்பாடு வேண்டும்.

இது நடக்காத காரியம் அல்ல. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் முப்பத்தொன்றாம் நாளில் அச்சிடும் கல்வெட்டு எனும் நினைவு மலர்களில் வம்சாவளி இடம்பெறுவது வழக்கம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத் திட்டம் அத்தகைய மலர்களையும் மின்படியாக்கி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. தீவைப்பில் நூலகத்தையே இழந்த மக்கள் செய்த வேலை அது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு, 1650 முதல் 1950 வரையான தமிழக வேளாண் ஆவணங்களை வீடுகளில் தேடிப் படம் பிடித்தது. உரிமையாளரிடமிருந்து மூலத்தைப் பறிக்காமல் படியை மட்டும் எடுக்கும் முறை அங்கே வெற்றி கண்டிருக்கிறது.

கட்டுப்பாடும் வேண்டும். உயிரோடு இருப்பவர்களின் விவரம், சொத்துத் தகராறில் உள்ள பத்திரம், சாதியைக் காட்டி ஒருவரை இழிவுபடுத்தப் பயன்படக்கூடிய பதிவு ஆகியவற்றைக் குறிப்பிட்ட காலம் மூடிவைக்கும் விதியை முதலிலேயே எழுதிவிட வேண்டும். கொடுப்பவர் விரும்பினால் திரும்பப் பெறும் உரிமையும் இருக்க வேண்டும்.

தேனி மாவட்ட நூலக ஆணைக்குழு இந்த அலமாரியைப் போடியில் தொடங்கட்டும். இடுக்கி மாவட்டத்து நூலகங்களும் அதில் கைகோக்கட்டும். தோட்ட உரிமையாளர்கள் பழைய செக்ரோல்களை எரிப்பதற்கு முன் ஒரு முறை நூலகரை அழைக்கட்டும். அதுவரை காத்திராமல் ஒவ்வொரு வீட்டிலும் செய்யக் கூடியது ஒன்று உண்டு: பெட்டியில் உள்ள மொய் நோட்டை வெளியே எடுத்து, பக்கம் விடாமல் படம் பிடித்து, அதில் உள்ள பெயர்கள் யார் யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவரை அருகில் வைத்துக்கொண்டு இந்த வாரமே எழுதி வையுங்கள்.